மறுமுனையை யார் கொண்டுபோய் வைத்தது?

3 ஆகஸ்ட் 2024, இரவு 10:50 (வாசகர் கேள்வி)

அண்ணா, ஸ்டார்கேட் தொடரை முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேறு கோளுக்குப் போகும் வாசல் ஒருமுறை திறந்தால் 38 நிமிடம்தான் என்கிறார்கள். அது என்ன 38? டீப் ஸ்பேஸ் நைன் தொடரில் புழுத்துளை (வெளியில் தூரமான இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்குவழி) எப்போது போனாலும் திறக்கிறது, ஆனால் ஒரே இடத்துக்குத்தான் வழி. இன்டர்ஸ்டெல்லரில் சனிக்கோள் வரை இரண்டு வருஷம் ராக்கெட்டில் போன பிறகுதான் துளையே வருகிறது. இந்த வரம்புகள் எல்லாமே கதாசிரியர்களின் சோம்பேறித்தனம் என்பது என் கட்சி. வெளியையே மடிக்கத் தெரிந்தவனுக்கு, நினைத்த இடத்துக்கு நினைத்த நேரத்தில் போகத் தெரியாதா?

3 ஆகஸ்ட், இரவு 11:40

38 நிமிடத்தை முதலில் முடித்துவிடுவோம். ஒரு எபிசோட் ஏறக்குறைய முக்கால் மணி நேரம். அதற்குள் ஆள் போய், மாட்டி, அடிபட்டு, திரும்பி ஓடிவர வேண்டும். அதற்கு ஒரு கெடு வேண்டும், வைத்துக்கொண்டார்கள். அந்த அளவில் உங்கள் கட்சி சரி.

ஆனால் "மடிக்கத் தெரிந்தவன்" என்றீர்களே, தகராறு அங்கேதான். இன்டர்ஸ்டெல்லரில் ஒருவர் பேப்பரை மடித்துப் பேனாவால் குத்திக் காட்டுவார். 1997இல் வந்த ஈவன்ட் ஹொரைசன் படத்திலும் இதே மடிப்பு, இதே குத்து. இந்த உதாரணம் செய்த கெடுதல் கொஞ்சநஞ்சம் இல்லை. குத்துகிறவர் பேப்பருக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இரண்டு பக்கமும் கைக்கெட்டும். நாம் பேப்பரின் மேல் ஊர்கிற எறும்பு. நாமே ஒரு துளை செய்தோம் என்றால் அதன் இரண்டு முனைகளும் நம் பட்டறையில்தான் கிடக்கும். ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு யாராவது போயாக வேண்டும், சாதாரண வெளியில், ஒளியைவிட மெதுவாக. தண்ணீர்க் குழாய் மாதிரிதான். திறந்தால் நொடியில் தண்ணீர் கொட்டும், ஆனால் பள்ளம் தோண்டிக் குழாயைப் பதித்துக்கொண்டு ஒருவன் முன்னால் போயிருக்க வேண்டும்.

ஆயிரம் ஒளியாண்டு தள்ளி ஒரு முனை வேண்டுமா? வீட்டில் இருப்பவர்கள் ஆயிரம் வருஷம் காத்திருக்க வேண்டும். புழுத்துளையின் நிஜமான வரம்பு இது. மற்றதெல்லாம் ஜோடனை.

4 ஆகஸ்ட், காலை 7:15

தூங்கி எழுந்து படித்தால் நேற்று எழுதியது வெட்டு ஒன்று துண்டு இரண்டாக இருக்கிறது. கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

ஐன்ஸ்டைனும் நேதன் ரோசனும் 1935இல் ஈர்ப்புச் சமன்பாட்டுக்குள் ஒரு பாலத்தைக் கண்டார்கள். 'வார்ம்ஹோல்' (புழுத்துளை) என்ற பெயர் இயற்பியலாளர் ஜான் வீலர் 1957இல் வைத்தது. அதே வீலர் 1962இல் ராபர்ட் ஃபுல்லரோடு சேர்ந்து, அந்தப் பாலத்தை ஒளிகூடக் கடக்க முடியாது, கடப்பதற்குள் நடுவில் இறுகி அறுந்துவிடும் என்று காட்டினார். பெயர் வைத்தவரே பாலும் ஊற்றினார்.

அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் அது பாட்டுக்குக் கிடந்தது. வானியலாளர் கார்ல் சேகன் கான்டாக்ட் நாவலில் தன் நாயகியைக் கருந்துளை வழியாக அனுப்ப நினைத்து, இயற்பியலாளர் கிப் தோர்னிடம் யோசனை கேட்டார். தோர்ன், கருந்துளை வேண்டாம், ஆளைப் பிய்த்துவிடும், புழுத்துளை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நாவல் 1985இல் வந்தது. தோர்ன் விடவில்லை, மாணவர் மைக் மோரிசோடு உட்கார்ந்து, ஆள் போய்வரக்கூடிய துளை நிற்க என்ன வேண்டும் என்று கணக்குப் போட்டு 1988இல் வெளியிட்டார். கதைக்காகக் கேட்ட கேள்வி ஆய்வுத்துறை ஆன சங்கதி இது.

விடை கசப்பு. துளையின் தொண்டை மூடிக்கொள்ளாமலிருக்க எதிர்மறை ஆற்றலால் முட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு மீட்டர் துளைக்கே ஏறக்குறைய வியாழன் கோளின் நிறை அளவு, முன்னால் கழித்தல் குறி போட்டு. எதிர்மறை ஆற்றலின் வாடை காசிமிர் விளைவில் அடிக்கிறது; 1948இல் சொல்லப்பட்டது, 1997இல் லாமரோ துல்லியமாக அளந்தார். மிக நெருக்கமாக வைத்த இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவில், துளியிலும் துளி. அதைச் சேர்த்து வியாழன் அளவுக்குக் கொண்டுவருவது, பனித்துளியை வழித்து அணையை நிரப்புவது போல.

ஆனால் கவனியுங்கள், இது விலை பற்றிய வரம்பு. கதாசிரியர் "எதிர்காலத்தில் காசு இருக்கிறது" என்று ஒரு வரியில் தாண்டிவிடலாம். முனையைத் தூக்கிக்கொண்டு போகும் வேலையை அப்படித் தாண்ட முடியாது.

4 ஆகஸ்ட், மதியம் 1:05

"ஆளைப் பிய்த்துவிடும்" என்றது அவசரம். பெரிய கருந்துளை என்றால் எல்லையைத் தாண்டும்போது ஒன்றும் தெரியாது. உள்ளே போன பிறகுதான் பிய்யும். வெளியே வர வழியில்லை என்பதில் மாற்றமில்லை.

6 ஆகஸ்ட், இரவு 9:30

கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: "முனையைத் தூக்கிக்கொண்டு போனதாக எந்தக் கதையிலும் காட்டவில்லையே?"

காட்டமாட்டார்கள். அதுதான் தந்திரம். ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், அந்த நடையை வேறு யாரோ நமக்காக எப்போதோ நடந்து முடித்திருப்பார்கள்.

ஸ்டார்கேட்டில் வாசல்களைச் செய்தது பழைய இனம் ஒன்று. ஸ்டார்கேட் யுனிவர்ஸ் (2009) வந்தபோதுதான் வாயைத் திறந்தார்கள்: ஆளில்லாக் கப்பல்கள் முன்னால் போய் வழியெல்லாம் வாசல்களைச் செய்து போட்டுக்கொண்டே போயின, டெஸ்டினி என்ற கப்பல் பின்னால் போனது. அந்தத் தொடர் பலருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு இந்த ஒரு விஷயத்துக்காகவே பிடிக்கும்.

டீப் ஸ்பேஸ் நைனில் துளைக்குள்ளேயே குடியிருக்கும் ஜீவன்கள் செய்தது. 70,000 ஒளியாண்டுத் தூரம். அவர்களுக்குக் காலம் நேர்கோடு இல்லை என்பதால் "எப்போது செய்தீர்கள்" என்று கேட்பதே வீண். கெட்டிக்காரத் தப்பிப்பு.

இன்டர்ஸ்டெல்லரில் "அவர்கள்" என்று மட்டும் அழைக்கப்படும் யாரோ வைத்தார்கள். சனிக்குப் பக்கத்தில் ஏன் வைத்தார்கள், பூமியின் வாசலிலேயே வைத்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். இரண்டு வருஷத் தூக்கம் கதைக்குத் தேவை.

எல்லாவற்றிலும் நாணயமானது தி எக்ஸ்பேன்ஸ் தொடர். (பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) வேற்றுலகத்தார் வளைய வாசலைக் கட்டும் பொருளை ஒரு கல்லில் ஏற்றி 200 கோடி வருஷத்துக்கு முன் நம் சூரியனை நோக்கி எறிந்திருக்கிறார்கள். கல் சனியின் பிடியில் சிக்கி ஃபீபி என்ற நிலாவாகிக் கிடந்துவிட்டது. வாசல் திறந்தபோது அனுப்பியவர்கள் உயிரோடு இல்லை. பார்சல் வந்தது, கடை மூடியிருந்தது. மெதுவாகப் போக வேண்டும் என்ற ஒரே சட்டத்திலிருந்து முழுக்கதையும் முளைத்திருக்கிறது பாருங்கள்.

9 ஆகஸ்ட், இரவு 1:50

ஷிப்ட் முடிந்து வந்து தூக்கம் வரவில்லை. சொந்தக் கதை ஒன்று.

ஈவ் ஆன்லைன் என்று ஒரு விளையாட்டு, ஐஸ்லாந்துக்காரர்கள் செய்தது, 2003இலிருந்து ஓடுகிறது. 2009 மார்ச்சில் அதில் புழுத்துளைகளை விட்டார்கள். துளைக்கு அந்தப் பக்கம் வரைபடத்தில் இல்லாத வெளி. அங்கே யார் இருக்கிறார்கள் என்று பட்டியலில் காட்டாது. அவராக வாயைத் திறந்தால்தான் தெரியும். ஒவ்வொரு துளைக்கும் ஆயுள் உண்டு, தாங்கும் எடையும் உண்டு. எடை தீர்ந்தால் சரிந்துவிடும்.

நாங்கள் ஏழு பேர் அப்படி ஒரு வெளியில் குடியிருந்தோம். பக்கத்து வெளியில் ஆபத்தான கூட்டம் தெரிந்தால் துளையை நாங்களே சரித்துவிடுவோம். புதிதாக வேறொன்று வேறெங்கோ திறக்கும். இதைத் துளையை ரோல் பண்ணுவது என்பார்கள். எடை மிகுந்த கப்பலில் போய்வந்து போய்வந்து துளையின் கணக்கைத் தீர்க்க வேண்டும். கடைசித் தடவை நம் பக்கம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தை.

அன்று துளை தாங்கக்கூடியது 200 கோடி கிலோ, கூடக்குறையப் பத்து சதவீதம். என் பேட்டில்ஷிப் 10 கோடி கிலோ. ஆஃப்டர்பர்னரைப் போட்டால் 15 கோடி. அந்த உலகத்தில் எஞ்சின் ஓடினால் எடை கூடும், ஏன் என்று கேட்கக்கூடாது. போட்டுக்கொண்டு கடந்தால் ஹாட், அணைத்துக் கடந்தால் கோல்ட். ஆறு முறை ஹாட்டாகவே போய்வந்தேன். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் சில நிமிடம் சும்மா நிற்க வேண்டும், இல்லாவிட்டால் துளை ஏற்காது. நின்ற நேரத்தில் ஃப்ளாஸ்க் டீ முழுக்கக் காலி.

ஆறாவது முறை திரும்பியதும் துளை நெளிந்து துடித்தது. சரியும் தறுவாயில் இருப்பதாக எழுதிக் காட்டியது. மிச்சம் பத்து சதவீதத்துக்குக் கீழே, அதாவது 20 கோடிக்கும் குறைவு. முறைப்படி அங்கே நிறுத்தி எடை குறைந்த கப்பல்காரரை எழுப்ப வேண்டும். மணி இரண்டேகால். யாரையும் எழுப்ப மனசு வரவில்லை. கோல்டாகப் போய் ஹாட்டாகத் திரும்பினால் முடிந்தது, பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று போய்விட்டேன்.

திரை மாறியது. திரும்பிப் பார்த்தால் துளை இல்லை. வெறும் நட்சத்திரம்.

வேறு துளை தேடும் புரோப் என் கப்பலில் இல்லை. எடைக்காகக் கட்டிய கப்பலில் அதற்கு எங்கே இடம்? மூன்று நாள் அங்கேயே மூலையில் ஒளிந்து கிடந்தேன். நண்பர்கள் புதுத் துளைகளைத் திறந்து பார்த்தார்கள், ஒன்றும் என் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் தற்கொலைப் பொத்தானை அழுத்தினேன். இரண்டு நிமிடம் எண்ணிக்கை ஓடும். அந்த இரண்டு நிமிடத்தில்தான் எனக்குப் புழுத்துளை என்றால் என்னவென்று புரிந்தது. தூரம் என்பது நான் நினைத்த மாதிரி இல்லை. வீடு எத்தனை ஒளியாண்டு தள்ளி என்று யாருக்கும் தெரியாது, தெரிந்தும் பயனில்லை. ஒரு வாசல் இருந்தது, இப்போது இல்லை.

38 நிமிடத்தைச் சோம்பேறித்தனம் என்கிறேன். 200 கோடி கிலோவை அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. இத்தனைக்கும் இரண்டும் யாரோ மேசையில் உட்கார்ந்து போட்ட எண்தான்.

10 ஆகஸ்ட், காலை 8:20

அந்த ஏழு பேரில் ஒருவர் இதைப் படித்துவிட்டு விடிகாலையிலேயே கணக்கு அனுப்பியிருக்கிறார். நான் சொன்ன பாதிக்குப் பாதி தப்பாம். பன்னிரண்டு தடவை கடந்ததில் 180 கோடி தீர்ந்தது. பதினோராவது தடவை, 165 கோடியில், துளை தறுவாய்க்கு வரவில்லை. அப்படியென்றால் துளையின் மொத்தம் 183க்கும் 200க்கும் நடுவில். மிச்சம் 3க்கும் 20க்கும் நடுவில். 10 கோடிக் கப்பல் தப்பிக்க ஐந்தில் மூன்று வாய்ப்பு.

ஆக, எனக்குச் சாதகமான பந்தயத்தில்தான் தோற்றிருக்கிறேன். இதைச் சொல்ல இத்தனை வருஷம் காத்திருந்தாராம்.

14 ஆகஸ்ட், இரவு 10:15

பெரிய திருத்தம். முதல் நாள் எழுதிய "ஆயிரம் வருஷம் காத்திருக்க வேண்டும்" தவறு. இயற்பியல் ஆசிரியர் ஒருவர் ஒரே வரியில் கேட்டிருந்தார்: "தூக்கிக்கொண்டு போகிற முனையின் கடிகாரம் என்ன ஆச்சு?"

இரண்டு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்வது சரி.

முனையை ஏற்றிய கப்பல் ஒளியின் வேகத்தில் 99.995 சதவீதத்தில் போகிறது என்று வையுங்கள். அந்த வேகத்தில் கப்பலின் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட நூறு மடங்கு மெதுவாக ஓடும். நம் கணக்கில் ஆயிரம் வருஷப் பயணம், அவர்களுக்குப் பத்து வருஷம். இதுவரை பள்ளிக்கூடப் பாடம். இனிதான் சூட்சுமம். துளையின் இரண்டு முனைகளும் தொண்டை வழியாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தொண்டைக்குள் எட்டிப் பார்த்தால் அந்தப் பக்கக் கடிகாரமும் நம் கடிகாரமும் ஒன்றாகவே ஓடும். கப்பலில் பத்து வருஷம் முடிந்து கோள் வந்துவிட்டால், பூமியில் வைத்த முனை வழியாகவும் பத்தே வருஷத்தில் அந்தக் கோள் தெரியும். உள்ளே காலை வைத்தால் அந்தப் பக்கம் போய்விடலாம்.

அப்படியானால் ஆயிரம் ஒளியாண்டுத் தூரத்துக்கு வீட்டில் காத்திருப்பது பத்து வருஷம். ஒரு மேம்பாலம் கட்டுகிற நேரம்.

இன்னும் பாருங்கள். அந்தக் கோளில் இறங்கித் தொலைநோக்கியைப் பூமிப் பக்கம் திருப்பினால் என்ன தெரியும்? அங்கே நாம் இறங்குவது, பூமியின் சாதாரணக் கணக்கில், புறப்பாட்டிலிருந்து 1000.05 வருஷம் கழித்து. ஒளி வர ஆயிரம் வருஷம். ஆகவே தெரிவது, கப்பல் கிளம்பிப் பதினெட்டு நாளான பூமி. வழியனுப்பக் கட்டிய தோரணம்கூட இன்னும் அவிழ்த்திருக்கமாட்டார்கள்.

இது காலப்பயணமா என்றால், இல்லை. அந்தப் பூமியை நாம் பார்க்கத்தான் முடியும், போய்த் தொட முடியாது. ஒளியோடு போட்டி போட்டுத் திரும்பினாலும் இன்னோர் ஆயிரம் வருஷம் ஆகும்.

14 ஆகஸ்ட், இரவு 10:40

மேம்பாலம் பத்து வருஷத்தில் கட்டுவார்களா என்று ஒருவர். சரி, கிண்டலை ஏற்றுக்கொள்கிறேன்.

18 ஆகஸ்ட், மாலை 5:00

ஆசிரியரே அடுத்த கொக்கியையும் போட்டார்: "திரும்பி வருகிற துளை ஒன்று செய்தால்?"

மோரிஸ், தோர்ன், யுர்ட்செவர் மூவரும் 1988லேயே எழுதியது இது: ஒரு முனையை வேகமாக ஓட்டிக் கொண்டுவந்தால் துளை கால இயந்திரம் ஆகிவிடும். நம் உதாரணத்தில் போட்டுப் பார்ப்போம். கோளில் இறங்கிய அன்றே அங்கே இரண்டாவது துளை ஒன்றைச் செய்து, ஒரு முனையை அதே வேகத்தில் பூமிக்கு அனுப்புகிறோம். அது பூமிக்கு வருவது 2000ஆம் வருஷம் (புறப்பாட்டை 0 என்று வைத்து). அந்த முனைக்குள் நுழைந்தால் கோளில் 1010இல் வெளியே வருவோம். அங்கிருந்து முதல் துளைக்குள் நுழைந்தால் பூமியில் 20ஆம் வருஷம். பாட்டன் வீட்டுத் திண்ணைக்கே போய்விடலாம்.

இயற்கை இதை விடாது என்பது ஸ்டீபன் ஹாக்கிங் 1992இல் வைத்த ஊகம். இப்படி ஒரு வளையம் உருவாகிற கணத்தில் வெற்றிடத்தின் அதிர்வுகளே அந்த வளையத்தில் சுற்றிச் சுற்றிப் பெருகித் துளையை உடைத்துவிடும் என்று. நிரூபணம் ஆனதில்லை. ஆனால் கதைக்கு இதைவிட நல்ல வரம்பு கிடைக்காது.

எந்த இடத்தில் உடையும் என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். முதல் துளை வழியாகப் பூமியில் வெளியே வருகிற ஒரு ஒளிக்கீற்று, வந்துகொண்டிருக்கும் இரண்டாவது முனையைத் தன்னுடைய இறந்தகாலத்தில் சந்திக்க முடிகிற கணம்தான் எல்லை. பாதிவழி வரைக்கும் வரும் என்று நினைத்தேன். விடை: கிளம்பி ஐந்து வருஷம். ஆயிரம் ஒளியாண்டில் ஐந்தே ஐந்து ஒளியாண்டு நகர்ந்ததும் போச்சு. ஏற்றி வருகிறவரின் கைக்கடிகாரத்தில் பதினெட்டு நாள்.

நான்கு தடவை போட்டேன், அதேதான் வருகிறது. முதல் துளை நமக்கு 990 வருஷம் மிச்சப்படுத்தியது. அந்த மிச்சத்துக்கு வட்டி இது. வேகமாகப் போன வழியில் மற்றொரு துளையை இழுத்துக்கொண்டு திரும்ப முடியாது. ஆறஅமர, மெதுவாகப் போனவனுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஆகவே தம்பி, "எங்கே வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும்" என்றீர்களே, அந்த "எப்போது"தான் "எங்கே"யைக் கெடுக்கிறது. வலைப்பின்னலில் புதிதாக ஒரு துளை வைக்க வேண்டும் என்றால், ஏற்கெனவே இருக்கிற எல்லாத் துளைகளின் கடிகாரத்தையும் பார்த்துத்தான் வைக்க வேண்டும். இதற்கென்றே ஒரு கால அட்டவணை அலுவலகமும் அதில் ஒரு கடுகடுப்பான அதிகாரியும் இருப்பார்கள். அவரை வைத்து யாராவது கதை எழுதலாம்.

19 ஆகஸ்ட், காலை 6:45

மேலே "தன்னுடைய இறந்தகாலத்தில்" என்றது குழப்பம் என்கிறார் ஒருவர். சரியாகச் சொன்னால்: முனையிலிருந்து கிளம்பிய ஒளி இரண்டு துளையையும் சுற்றி, அது கிளம்பிய அதே கணத்தில் அதே முனைக்கு வந்துசேர முடிகிற நிலை. அதற்கு மேல் ஒரு நொடி போனாலும் முந்திவிடும்.

இரண்டு முனைக்கும் இரண்டு கடிகாரம் என்றதும் ஞாபகம் வந்தது. ஸ்டார் ட்ரெக் வாயேஜரின் முதல் சீசனில் (1995) ஐ ஆஃப் த நீடில் என்ற எபிசோட். வீட்டைத் தொலைத்த கப்பலுக்கு ஒரு குட்டித் துளை கிடைக்கிறது, ஆள் நுழையாத அளவு. அந்தப் பக்கம் ரோமுலன் என்ற வேற்றினத்து விஞ்ஞானி ஒருவர். பேச முடிகிறது, டிரான்ஸ்போர்ட்டர் என்ற கருவியில் ஆளையே அனுப்பவும் முடிகிறது. அப்புறம்தான் தெரிகிறது, இவர்கள் இருப்பது 2371, அவர் இருப்பது 2351. போனால் இருபது வருஷம் முன்னால் போய் நிற்பார்கள். அவர் கையில் கடிதங்களைக் கொடுத்து, உரிய வருஷத்தில் சேர்த்துவிடச் சொல்கிறார்கள். அவர் 2367இல் இறந்துவிட்டதாகப் பதிவேட்டில் இருக்கிறது. கடிதம் போய்ச் சேர்ந்ததா தெரியாது.

முதலில் பார்த்தபோது மலிவான திருப்பம் என்று நினைத்தேன். இப்போது அந்தத் தொடரிலேயே இதுதான் இயற்பியலுக்கு நெருக்கமான எபிசோட் என்று தோன்றுகிறது.

25 ஆகஸ்ட், மதியம் 12:30

கொஞ்சம் தடம் மாறுகிறேன். வாசல் ஒன்றுதான் என்றால் வாசல்காரன் ராஜா.

லோயிஸ் மெக்மாஸ்டர் புஜோல்டின் வோர்கோசிகன் நாவல் வரிசையில் பராயர் என்ற கோள். குடியேறிய கொஞ்ச காலத்தில் அவர்களுடைய துளை சரிந்துவிடுகிறது. பல நூற்றாண்டு தனியே கிடந்து குதிரைக்கும் வாளுக்கும் திரும்பிவிடுகிறார்கள். பிறகு வேறு துளை கிடைக்கிறது, ஆனால் அது கோமார் என்ற கோளைத் தொட்டுக்கொண்டுதான் வெளியே போகும். கோமார்க்காரர்கள் வசூலில் வாழ்கிறவர்கள். காசு வாங்கிக்கொண்டு எதிரிப் படையையும் உள்ளே விட்டுவிடுகிறார்கள். பராயர் பின்னால் கோமாரைப் பிடித்தது ஏன் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

டீப் ஸ்பேஸ் நைனில் இன்னும் எளிது. எதிரியின் 2,800 கப்பல்கள் துளைக்குள் நுழைகின்றன, உள்ளே குடியிருப்பவர்கள் அப்படியே மறைத்துவிடுகிறார்கள். வீட்டுக்காரர் கதவைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். பார்த்த அன்று கைதட்டினேன். இன்று கேட்டால், எல்லையைக் காக்க நிலையம் வைத்து இத்தனை சீசன் சண்டை போட்டதெல்லாம் எதற்கு என்று தோன்றுகிறது.

1 செப்டம்பர், இரவு 11:10

ஈவ் ஆன்லைனுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் இன்று ஒன்று உறைத்தது.

இயற்பியல் கணக்குப்படி, துளைக்குள் நுழைகிற பொருளின் நிறை நுழைந்த முனையில் கூடும், வெளியேறிய முனையில் அதே அளவு குறையும். ஒரே திசையில் ஆட்கள் போய்க்கொண்டே இருந்தால் ஒரு முனை கனத்துக்கொண்டே போகும், மறுமுனை இளைத்து, கடைசியில் கழித்தல் நிறைக்கே போய்விடும். ஆகவே எடை வரம்பு என்ற யோசனை சும்மா வந்ததில்லை. இயற்பியலிலும் அதற்கு இடம் உண்டு.

ஆனால் திரும்பி வந்தால் கணக்கு சமன் ஆகிவிட வேண்டும்! போகும்போது 15 கோடி, வரும்போது 15 கோடி, துளைக்கு நிகரம் பூஜ்யம். விளையாட்டில் இரண்டையும் கூட்டுகிறார்கள். நியாயமான பிரபஞ்சமாக இருந்திருந்தால் நான் ஆறு முறை என்ன, அறுநூறு முறை போய்வந்தாலும் அந்தத் துளை அசைந்திருக்காது.

நண்பருக்கு அனுப்பினேன். "அப்படியானால் துளையைச் சரிக்கவே முடியாது, அந்தக் கூட்டம் வந்து நம் ஏழு பேரையும் அடித்திருக்கும்" என்றார். அதுவும் சரி.

7 செப்டம்பர், காலை 9:00

கேள்வி கேட்ட தம்பி ஒரு மாதம் கழித்து வந்திருக்கிறார். ஸ்டார்கேட்டில் நான்காவது சீசன் முடித்தாராம். "உங்கள் கதையில் முனையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் பாவம் அண்ணா, பத்து வருஷம் தனியாக" என்கிறார்.

நானும் அப்படித்தான் மனசுக்குள் வைத்திருந்தேன். இருட்டு, தனிமை, ஒரு சிறு விளக்கு. 14ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தபோதுதான் சிரிப்பு வந்தது. அவர்கள் தூக்கிக்கொண்டு போவதே வாசல். அந்தப் பக்கம் பூமி. கடிகாரமும் ஒன்றாக ஓடுகிறது. வேலை முடிந்ததும் வாசலைத் தாண்டி வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துத் தூங்கிவிட்டு, மறுநாள் காலை ஒளி வேகத்தில் 99.995 சதவீதத்தில் பறக்கும் கப்பலுக்கு வேலைக்குப் போகலாம். மூன்று ஷிப்ட், பத்து வருஷம்.

எரிபொருளையும் இப்படியே ஊற்றிக்கொண்டிருக்கலாமே என்று நினைத்தேன். முடியாது. முந்தின குறிப்புப்படி, உள்ளே அனுப்பி எரித்துப் பின்னால் கொட்டுகிற ஒவ்வொரு கிலோவும் கப்பல் முனையின் நிறையிலிருந்து கழியும். ஆள் போகலாம், அதே எடையோடு திரும்ப வேண்டும். வாசலில் எடை மெஷின் இருக்கும். காலையில் 72 கிலோ என்று கையெழுத்துப் போட்டுப் போனால் மாலையில் 72. கப்பலில் சாப்பிட்டால் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனதைத்தான் சாப்பிட வேண்டும், டிபன் பாக்ஸ் கழுவிய தண்ணீர் உட்பட எல்லாம் திரும்ப வந்தாக வேண்டும்.

7 செப்டம்பர், காலை 9:20

"உங்களைக் கூப்பிட்டால் போவீர்களா?" என்று அதே தம்பி. நைட் ஷிப்ட் அலவன்ஸ் உண்டா, உண்டென்றால் எந்தக் கடிகாரப்படி என்று கேட்டுச் சொல்லுங்கள்.